பதவிக்கால வரம்பு: ஒருவர் எத்தனை முறை ஊராட்சித் தலைவராக இருக்கலாம்?

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இறங்கி வழி கேட்டால், "பிரசிடென்ட் வீட்டுக்கு அடுத்த சந்துங்க" என்று யாராவது கை காட்டுவார்கள். போய்ப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர் தலைவர் பதவியிலிருந்து இறங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். இப்போதைய தலைவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பார். அவருடைய வீட்டுக்கு அந்தப் பெயர் இன்னும் ஏறியிருக்காது. பதவிக்குச் சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறது, ஊராரின் வாய்க்கு அந்தக் கெடு எட்டுவதில்லை. உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பதவிக்கால வரம்பு வேண்டுமா என்ற விவாதத்தைப் புரிந்துகொள்ள அந்த வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பதவிக்காலம் என்பது ஒருமுறை வென்றவர் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பது. பதவிக்கால வரம்பு என்பது அப்படி எத்தனை முறை இருக்கலாம் என்பது. நம் நாட்டில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் ஐந்தாண்டு ஆயுளை நிர்ணயித்தன. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது. ஆனால் 21 வயது நிரம்பி, வேறு தகுதிக் குறைவு எதுவும் இல்லாத ஒருவர், மக்கள் வாக்களிக்கும் வரை எத்தனை தேர்தலிலும் நிற்கலாம். பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் இல்லாத வரம்பு ஊராட்சித் தலைவருக்கு எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

வரம்பிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஆயுட்கால வரம்பு. அமெரிக்க அதிபராக ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற விதி, ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்றதற்குப் பிறகு, 1951இல் 22ஆவது திருத்தமாக வந்தது. இரண்டு முறை முடிந்தால் முடிந்ததுதான். மற்றொன்று தொடர்ச்சிக்கு மட்டுமான வரம்பு. இத்தனை முறை அடுத்தடுத்து இருந்தவர் ஒரு தவணை விலகியிருந்துவிட்டு மறுபடியும் வரலாம். உள்ளாட்சிகளில் இந்த இரண்டாவது வகையே அதிகம் காணப்படுகிறது. பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மேயர்களின் பதவிக்காலம் மூன்றாண்டு. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. தென் கொரியாவில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு நான்காண்டு வீதம் மூன்று தொடர் தவணைகள். நம்மிடையே விவாதிப்பவர்கள் பலர் இந்த இரண்டு வகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "அனுபவசாலியை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவதா" என்று கோபப்படுகிறார்கள். தொடர் வரம்பு அப்படி அனுப்புவதில்லை, ஐந்தாண்டு விடுப்பு மட்டுமே கொடுக்கிறது.

அடுத்து, யாருக்கு வரம்பு? தமிழ்நாட்டில் தலைவர் என்ற பெயரில் பலர் இருந்தாலும் அவர்களுடைய அதிகாரம் ஒரே அளவினதன்று. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையர், ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் என அன்றாட நிர்வாகம் அரசு ஊழியர்களின் கையில் இருக்கிறது. மேயரும் சேர்மன்களும் மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர்கள். மேலும் 2022 தேர்தலில் மேயர்களையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒருவர் நீடிப்பதும் இறங்குவதும் பெரும்பாலும் கட்சித் தலைமையின் விருப்பத்தைப் பொறுத்தது. கிராம ஊராட்சியின் நிலை வேறு. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அங்கே தலைவரே நிர்வாக அதிகாரி. மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சிச் சின்னமும் கிடையாது. அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் நகரும். ஆகவே உள்ளாட்சியில் உண்மையான நிர்வாகத் தலைவர் என்று சொல்லத்தக்கவர், மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் இருப்பவர்தான். கோயம்புத்தூர் மேயரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்த் தலைவரைப் பற்றிக் கவலைப்படுவது இந்த விவாதத்துக்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

பிரதமருக்கு இல்லாத வரம்பு ஊராட்சித் தலைவருக்கு எதற்கு என்ற கேள்விக்கான பதிலும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. பிரதமரையும் முதலமைச்சரையும் அவைப் பெரும்பான்மை எந்த நாளிலும் இறக்கிவிடலாம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சித் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தாமாக இறக்கிவிட முடியாது. புகார் மாவட்ட ஆட்சியரிடம் போய், விளக்கம் கேட்கப்பட்டு, வட்டாட்சியர் கூட்டம் நடத்தி, உறுப்பினர்களின் கருத்தை எழுதி வாங்கி, அதற்குப் பிறகு ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும். வெளியேற்றும் கதவு இவ்வளவு கனமாக இருக்கும் இடத்தில்தான் கால வரம்பு என்ற இன்னொரு கதவைப் பற்றிப் பேசத் தோன்றுகிறது.

வரம்பு வேண்டும் என்பவர்களின் வாதத்தை விரிக்கத் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததே. நீண்ட நாள் இருப்பவரைச் சுற்றி ஒப்பந்தக்காரர்களும் வேண்டியவர்களும் ஒரு வளையமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் இணைப்பிலிருந்து வீட்டு வரைபட அனுமதி வரை எல்லாவற்றுக்கும் அவருடைய முகம் பார்க்க வேண்டியதாகிறது. அவரை எதிர்த்து நிற்கத் துணிபவர் குறைகிறார்கள். வாக்குச்சீட்டு இருக்கிறதே என்றால், ஆயிரம் வாக்குகள் கொண்ட ஊரில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது ஏறத்தாழ எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் விடை.

எதிர்வாதத்தைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சியை நம் பக்கத்தில் அறியாதவர் குறைவு. 1996 முதல் 2006 வரை இரண்டு தவணை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அந்த ஊராட்சி 2006இல் உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு போக மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் கட்டித் திணறும் ஓர் உள்ளாட்சி, மின்சாரத்தை விற்கும் இடத்துக்கு வந்தது. காற்றாலை எழுந்த ஆண்டைக் கவனியுங்கள்: அது இரண்டாம் தவணையின் கடைசி ஆண்டு. முதல் தவணையில் ஒரு தலைவர் எதைக் கற்றுக்கொள்கிறார் என்று யோசித்தால் இது வியப்பளிக்காது. எந்த நிதியை எதற்குச் செலவிடலாம், எந்த வேலைக்கு யார் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் தங்கும், தணிக்கையில் எதைக் கேட்பார்கள் என்பதெல்லாம் பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். மேல்நிலைத் தொட்டி ஒன்றைக் கட்டி, குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் விடுவதற்குள் முதல் தவணை முடிந்துவிடுகிறது. ஒற்றைத் தவணை வரம்பு என்று யாராவது சொன்னால் அதை ஏற்கவே கூடாது என்று நான் நினைப்பதற்கு ஓடந்துறை ஒன்றே போதும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தால், மாறாமல் இருப்பவரிடம் அதிகாரம் போய்ச் சேரும். ஊராட்சிச் செயலர், அதாவது ஊரார் இன்னமும் "கிளார்க்" என்று அழைப்பவர், பல ஊர்களில் பத்து இருபது ஆண்டுகளாக அதே நாற்காலியில் இருக்கிறார். தீர்மானப் புத்தகத்தை எப்படி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், புதிய தலைவருக்குத் தெரியாது. வாக்காளர் ஒருவரை மாற்றுவதற்காகக் கொண்டுவந்த வரம்பு, வாக்காளரால் மாற்றவே முடியாத ஒருவரை வலுப்படுத்திவிடக்கூடும்.

கடைசித் தவணையின் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்று தெரிந்த தலைவர் ஊராருக்கு ஏன் பயப்பட வேண்டும்? பிரேசிலில் மேயர்கள் அடுத்தடுத்து இரண்டு முறைதான் இருக்கலாம். அங்கே எந்த நகராட்சியின் கணக்கைத் தணிக்கை செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் திட்டம் ஒன்றை அரசு நடத்தியது. அந்தத் தணிக்கை அறிக்கைகளைக் கொண்டு பெராஸ், ஃபினான் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறுபடியும் போட்டியிட வாய்ப்புள்ள மேயர்கள் கையாடிய தொகை, அந்த வாய்ப்பில்லாத மேயர்கள் கையாடியதைவிட 27 விழுக்காடு குறைவு. வரம்பு இருந்தால் ஊழல் தானாகக் குறையும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த எண்ணுக்கு விடை சொல்லியாக வேண்டும். தொடர் வரம்பில் இந்தக் கோளாறு கொஞ்சம் தணியும் என்று நான் நம்புகிறேன். ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வர ஆசைப்படுபவருக்கு ஊரின் நல்லெண்ணம் தேவைப்படும். ஆனால் ஆயுட்கால வரம்பில் அந்தக் கடிவாளம் இல்லை.

விதியை எழுதிவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. நியூயார்க் நகர வாக்காளர்கள் 1993இல் மேயருக்கு இரண்டு தொடர் தவணைகள் என்று வாக்களித்து விதித்தார்கள். 2008இல் நகர மன்றம் அதை மூன்றாக மாற்றியது. மேயர் புளூம்பெர்க் அதைப் பயன்படுத்தி 2009இல் மூன்றாம் முறை வென்றார். 2010இல் வாக்காளர்கள் மறுபடியும் வாக்களித்து இரண்டுக்கே கொண்டுவந்தார்கள். யாரைக் கட்டிப்போட வேண்டுமோ அவர்கள் கையிலேயே அவிழ்க்கும் முனையைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் நாட்டில் அந்த முனை சட்டமன்றத்திடம் இருக்கும். உள்ளாட்சிப் பதவிக்கான தகுதியின்மைகளை மாநிலச் சட்டத்தால் விதிக்க அரசியலமைப்பின் 243எஃப் பிரிவு இடம் தருகிறது. அந்த வழியில் ஹரியானா விதித்த கல்வித் தகுதியை உச்ச நீதிமன்றம் 2015இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கல்வி விதி எனக்கு உவப்பானதன்று, ஆனால் அதே வழியில் தவணை வரம்பையும் ஒரு மாநிலம் கொண்டுவர முடியும் என்று வாதிட இடமிருக்கிறது.

வரம்பு என்ற எண்ணம் நமக்கு முற்றிலும் அயலானது என்றும் சொல்ல முடியாது. கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகிகள் குறிப்பிட்ட காலம் இருந்தபின் இடைவெளி விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்ததும், 2022இல் அதைத் தளர்த்தியதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். கூட்டுறவு வங்கி இயக்குநர்கள் தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2025இல் பத்து ஆண்டுகளாக உயர்ந்தது. நகரக் கூட்டுறவு வங்கியில் வைப்புத்தொகை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுபவருக்கு இல்லை.

உள்ளாட்சியிலேயே மறைமுகமான வரம்பு ஒன்று ஏற்கெனவே வேலை செய்கிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்படுகின்றன; 2016இல் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்ந்தது. இந்த ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இரண்டு தவணைகளுக்கு ஒருமுறை ஊர் மாறிச் சுழல்கிறது. பொதுவாக இருந்த பதவி பெண்களுக்கென்று மாறினால், அதுவரை இருந்த ஆண் தலைவர் விலகியே ஆக வேண்டும். ஒதுக்கீட்டின் நோக்கம் பல தலைமுறைகளாக வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவருவது. பழையவரை வெளியேற்றுவது அதன் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொண்டே வரம்பு இங்கே எப்படி வேலை செய்யும் என்று ஊகித்துவிடலாம். உண்மையாகவே புதியவர்கள் வந்த ஊர்கள் உண்டு; தலைவி நாற்காலியில் அமர்ந்திருக்க, கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் கணவர் விடை சொல்லும் ஊர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராம சபைக் கூட்டம் ஒன்றில், ரோட்டுக்கு எஸ்டிமேட் போட்டாச்சு என்று தலைவியின் கணவர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து, "ஏனுங்க மாப்ள, எஸ்டிமேட்டு மேல நடந்து போவ முடியுங்களா? அம்முணி, நீ சொல்லு சாமி, நாங்க ஓட்டுப் போட்டது உனக்குத்தானே" என்றார். கூட்டம் சிரித்தது. தலைவி அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். தேதியோடு விடை சொன்னார்.

இங்கேதான் சட்டம் எண்ணுவதும் ஊர் எண்ணுவதும் பிரிகின்றன. சட்டம் ஆளை எண்ணுகிறது. ஊர் வீட்டை எண்ணுகிறது. கணவர், மனைவி, தம்பி, மருமகள் என்று வீட்டுக்குள்ளேயே பதவி சுற்றினால், இருபது ஆண்டுகள் ஆனாலும் எந்த ஆளும் இரண்டு தவணைகளைத் தாண்டியிருக்க மாட்டார். பிலிப்பைன்ஸில் வரம்பு விதித்தும் மேயர் பதவிகள் குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. தாவாவ் நகரத்தில் தொடர் தவணைகள் முடிந்த ரோட்ரிகோ துதெர்தே 2010இல் துணை மேயரானார், அவருடைய மகள் சாரா மேயரானார். 2013இல் தந்தை மறுபடியும் மேயர்.

உறவினரையும் சேர்த்து எண்ணலாமே என்று தோன்றும். அதற்கு நம் நாட்டிலேயே, கொங்கு நாட்டுக்கு வெளியே, தொண்டை மண்டலத்தில் முன்னோடி இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறை சொல்லப்படுவது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. பாடத்தில் அழுத்திச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவரின் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் எல்லோரும் விலக்கப்பட்டார்கள். அந்தச் சபை நிலமும் மறைக் கல்வியும் உடைய பிராமணர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதை மறைத்துவிட்டு அதைக் குடியாட்சியின் தொட்டில் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 921ஆம் ஆண்டில் விதி எழுதியவர், தனி ஆளை எண்ணினால் போதாது என்பதை அறிந்திருந்தார். அதே பட்டியலை இன்று நம் பக்கத்துச் சிற்றூரில் வைத்துப் பார்த்தால் சங்கடம் வேறு. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம் என்று பாதி ஊர் உறவுக்காரர்களாக இருக்கும் இடத்தில், குடத்தில் போட ஓலையே மிஞ்சாது. ஒரே குடும்ப அட்டையில் இருப்பவர்கள் என்று குறுக்கினால் ஓரளவு நடைமுறைக்கு வரும். அட்டையைப் பிரித்து எழுதிக்கொள்வதற்கு நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது வேறு கதை.

பழைய காலத்தில் வரம்பில்லாமலே விலகியவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் 1919இல் பதவியைத் துறந்து காங்கிரசுக்குப் போனார். அவர்களுக்குப் போக வேறு களம் இருந்தது. கட்சிச் சின்னம் இல்லாத இன்றைய கிராம ஊராட்சித் தலைவருக்கு ஒன்றியம், சட்டமன்றம் என்று ஏறிப் போகும் படி எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இருக்கும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

எந்த வரம்புக்கும் முன்நிபந்தனை, தேர்தல் உரிய நாளில் நடப்பது. 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நின்று, கொங்கு மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலருக்கு ஐந்தாண்டுக் கணக்கும் கிடையாது, ஊரில் வாக்குக் கேட்கும் கட்டாயமும் கிடையாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு என் தனிக் கருத்தைச் சொன்னால், கிராம ஊராட்சித் தலைவருக்கு அடுத்தடுத்து இரண்டு தவணைகள், பிறகு ஒரு தவணை இடைவெளி என்பது பொருத்தமாக இருக்கும். திரும்பி வர நினைப்பவர் தம் காலத்துத் தணிக்கைத் தடைகளைத் தீர்த்திருக்க வேண்டும் என்ற உத்திரமேரூர் நிபந்தனையையும் சேர்க்கலாம். மேயர்களுக்கும் சேர்மன்களுக்கும் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் விதியை எழுதுபவர் துணைத் தலைவர் பதவியை மறந்துவிடக் கூடாது. பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் அல்லவா? வரம்பு தலைவர் நாற்காலிக்கு மட்டும் என்றால், இரண்டு தவணைகளை முடித்தவர் வார்டு உறுப்பினராக வென்று, துணைத் தலைவராகி, அதே காசோலையில் இரண்டாவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். வழி கேட்பவருக்கு ஊரார் அப்போதும் அவருடைய வீட்டைத்தான் பிரசிடென்ட் வீடு என்று காட்டுவார்கள்.